நாவல் எழுத நாலு பேர் வேண்டும்: குழுவாகச் சேர்ந்து எழுதுவது எப்படி?

ஐந்தாறு பேர் சேர்ந்து ஓர் எழுத்துக் குழு ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் தன் நாவலின் முதல் அத்தியாயத்தைப் படிக்கிறார், மற்றவர்கள் கருத்து சொல்கிறார்கள், அவர் வீட்டுக்குப் போய் அதே அத்தியாயத்தைத் திருத்துகிறார், அடுத்த கூட்டத்தில் திருத்தியதைப் படிக்கிறார், மறுபடியும் கருத்து, மறுபடியும் திருத்தம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவரிடம் அருமையான ஒரு முதல் அத்தியாயம் இருக்கும், நாவல் இருக்காது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நல்ல மனதோடுதான் கருத்து சொன்னார்கள், பெரும்பாலும் சரியாகவும் சொல்லியிருப்பார்கள். வந்த நேரம்தான் சரியில்லை. நாவல் எழுதுகிறவருக்குக் குழுவிடமிருந்து வெவ்வேறு கட்டத்தில் வெவ்வேறு உதவி வேண்டும்: கதையை யோசிக்கும்போது கேள்விகள், முதல் வரைவு எழுதும்போது துணை, வரைவு முடிந்த பிறகு விமர்சனம். ஒன்றின் நேரத்தில் இன்னொன்று வந்தால் எழுதுகிற கை நின்றுவிடும். குழு வைத்திருப்பவர்களும் வைக்கப்போகிறவர்களும் இந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மிச்சமெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

யாரைச் சேர்ப்பது

நாலு முதல் ஆறு பேர். அதற்கு மேல் வேண்டாம். கணக்கு போட்டுப் பாருங்கள்: 2,000 வார்த்தை உள்ள ஒரு தமிழ் அத்தியாயத்தை நிதானமாகச் சத்தம் போட்டுப் படிக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும், அதைப் பற்றிப் பேச இன்னும் அரை மணி நேரம். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் இரண்டு பேருடைய எழுத்தைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். ஆறு பேர் வாரம் ஒருமுறை கூடினால் ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வாய்ப்பு வரும். பத்துப் பேர் என்றால் ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

ஆட்களை எங்கே பிடிப்பது? நூலகத்து வாசகர் வட்டம், மாவட்டப் புத்தகக் கண்காட்சி, சிற்றிதழ்க் கூட்டம், பழைய கல்லூரி நண்பர்கள். நன்றாக எழுதுகிறவர்களைத் தேடுவதைவிட நிறைய படிக்கிறவர்களை, சொன்ன நேரத்துக்கு வருகிறவர்களைத் தேடுங்கள். எழுதவே எழுதாத, ஆனால் நாவல்களாகப் படித்துத் தள்ளுகிற ஒருவர் குழுவில் இருந்தால் அது பெரிய பலம்.

ரசனையும் முக்கியம். எல்லோருக்கும் ஒரே ரசனை இருக்க வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் எழுதும் வகை கதையே பிடிக்காதவரிடம் அதைப் பாதியில் காட்டினால் இருவருக்கும் கஷ்டம். ஆக்ஸ்ஃபோர்டில் 1930களிலும் 40களிலும் கூடிய இங்க்லிங்ஸ் என்ற நண்பர் குழுவைப் பலருக்குத் தெரிந்திருக்கும். வியாழன் இரவுகளில் சி.எஸ். லூயிஸின் கல்லூரி அறையில் உட்கார்ந்து, எழுதிக்கொண்டிருப்பதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்கள். டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தன்னுடைய பெரிய நாவலை வருடக்கணக்காக அங்கே பகுதி பகுதியாகப் படித்தார். லூயிஸ் விடாமல் 'அடுத்தது எங்கே' என்று ஆர்வம் காட்டியிராவிட்டால் அதை முடித்திருக்கவே மாட்டேன் என்று பிற்காலத்தில் டோல்கீனே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதே குழுவில் ஹியூகோ டைசனுக்கு அந்தக் கதை கொஞ்சமும் ஒத்துவரவில்லை. கடைசியில் அவர் வந்திருக்கும் நாளில் அதைப் படிப்பதையே நிறுத்திவைக்க வேண்டிவந்தது. டைசன் நல்ல இலக்கிய அறிஞர், அதில் சந்தேகம் இல்லை. அந்த நாவலுக்கு அவர் ஏற்ற காது இல்லை, அவ்வளவுதான்.

நம்மூர்க் குழுக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயதில் மூத்தவர் 'சார்' ஆகிவிடுவார், இல்லையென்றால் 'அண்ணா'. "அண்ணா, இந்த அத்தியாயம் எனக்கு இழுவையா இருந்துச்சு" என்று சொல்ல இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு வாய் வராது. சொல்லாமலே போனால் நஷ்டம் அண்ணனுக்குத்தான். மரியாதையை விடச் சொல்லவில்லை, பேசும் வரிசையை மாற்றினால் போதும். வயதில் இளையவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில். விமர்சனத்துக்கு முதலில் வைக்கப்படும் எழுத்து குழுவிலேயே மூத்தவருடையதாக இருக்கட்டும், அவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று பார்த்துத்தான் மற்றவர்கள் தைரியம் கொள்வார்கள்.

அப்புறம், முதல் நாளே பேசி முடிவு செய்ய வேண்டிய இரண்டு விஷயங்கள். ஒன்று, குழுவுக்குள் வந்த எழுத்து வெளியே போகக் கூடாது. யாருக்கும் பி.டி.எஃப். அனுப்பக் கூடாது, 'என் நண்பர் ஒருவருக்கு மட்டும் காட்டினேன்' என்பதும் கூடாது. இரண்டாவது, யாரும் யாரிடமும் "இது உங்க சொந்தக் கதையா?" என்று கேட்கக் கூடாது. பெண்களிடம் இந்தக் கேள்வி ஓயாமல் கேட்கப்படுகிறது. கல்யாணத்துக்கு வெளியே ஓர் உறவைப் பற்றி எழுதினாலோ, மாமியார் கொடுமையைப் பற்றி எழுதினாலோ, அடுத்த நிமிடமே எல்லோருடைய கண்ணும் எழுதினவர் பக்கம் திரும்பும். ஒருமுறை அப்படித் திரும்பினால் அடுத்த அத்தியாயத்தில் அவர் கொஞ்சம் மழுப்பி எழுதுவார், அதற்கடுத்ததில் இன்னும் மழுப்புவார். அந்த நாவல் போயிற்று. கதாபாத்திரத்தைப் பற்றி மட்டும் பேசுவது என்பதில் குழு உறுதியாக இருக்க வேண்டும்.

யோசிக்கும் கட்டம்: கேள்வி மட்டும்

கூட்டமாக உட்கார்ந்து கதை பேசுவது நமக்குப் புதிதில்லை. கோடம்பாக்கத்தில் லாட்ஜ் அறை போட்டு உதவி இயக்குநர்கள் வாரக்கணக்கில் 'டிஸ்கஷன்' நடத்துவார்கள், ஒன்லைன், அதாவது கதையின் சாரத்தை ஒரே வரியில், பிடித்து, சீன் பிடித்து, வரிசைப்படுத்துவார்கள். அந்த முறையிலிருந்து நாவலுக்கு எடுத்துக்கொள்ள ஒன்லைன் நல்ல விஷயம். ஆளாளுக்கு சீன் சொல்வது மட்டும் வேண்டாம். நாவலில் மற்றவர் கொடுத்த காட்சி பெரும்பாலும் ஒட்டாது. "இப்படி வெச்சா எப்படி இருக்கும்?" என்று நண்பர் சொன்னது அந்த நேரத்துக்குப் பிரமாதமாகத் தோன்றும், வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது அந்தக் காட்சிக்குள் உங்களால் நுழையவே முடியாது. அதனால் இந்தக் கட்டத்தில் குழு கேள்வி மட்டும் கேட்கட்டும்.

ஒரு கற்பனைக் கதையை வைத்துப் பார்ப்போம். நாமக்கல் பக்கம் மூன்று லாரி வைத்திருந்த ஒருவர் திடீரென்று இறந்துபோகிறார். மனைவி சரஸ்வதி, அதுவரை கணக்கு நோட்டைத் தவிர எதையும் தொட்டதில்லை, லாரிகளைத் தானே நடத்துவதென்று முடிவெடுக்கிறார்.

நல்ல சூழ்நிலை. ஆனால் இன்னும் நாவல் இல்லை. குழு கேட்கத் தொடங்குகிறது. மூன்றையும் விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே, ஏன் விற்க மாட்டேன் என்கிறார்? அவர் நடத்தக் கூடாது என்று யார் நினைக்கிறார்கள், அவர்களுக்கு அதில் என்ன லாபம்? கணவரைப் பற்றி சரஸ்வதிக்குத் தெரியாதது என்ன? அது தெரிந்தால் எதை இழப்பார்? கடைசிப் பக்கத்தில் எத்தனை லாரி இருக்கும்? ஒவ்வொரு கேள்விக்கும் அங்கேயே பதில் சொல்ல வேண்டியதில்லை. குறித்துக்கொண்டு போய் ஒரு வாரம் யோசியுங்கள். திரும்பி வரும்போது ஒன்லைன் இப்படி மாறியிருக்கலாம்: கணவர் வாங்கிவைத்த கடன் எங்கே போனது என்று கண்டுபிடித்தால்தான் லாரிகளைக் காப்பாற்ற முடியும், கண்டுபிடித்துவிட்டால் அந்த மனிதரோடு வாழ்ந்த இருபது வருடத்தை அதே கண்ணால் பார்க்க முடியாது. இப்போது எழுதலாம். வேண்டியதும் தெரிகிறது, அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் தெரிகிறது.

கேள்வி மட்டும் என்றேன், ஒரு விலக்கு உண்டு: தகவல். குழுவில் ஒருவருக்குப் போக்குவரத்துத் துறை பழக்கம் என்றால் அவர் சொல்வார், வண்டி உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் இறந்த தேதியிலிருந்து மூன்று மாதம் வரை வாரிசு அந்த வண்டியை வைத்து ஓட்டலாம், அதற்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று. கேட்டவுடனே கதைக்கு ஒரு கெடு கிடைத்துவிட்டது பாருங்கள். கணவர் மார்ச் நடுவில் இறந்தால் ஜூன் நடுவில் கெடு முடிகிறது, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய அதே நேரம். வாரிசுகளில் ஒருவர், கணவரின் தம்பி தூண்டிவிட்ட மாமியார் என்று வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட மறுத்தால்? எட்டு வருடத்துக்கு மேல் ஓடிய லாரிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், எடுக்க வேண்டும், அந்த மூன்றில் ஒன்று பழைய வண்டி, அதற்கு ஏப்ரலில் எஃப்.சி. முடிகிறது. காட்சி யாரும் கொடுக்கவில்லை, உண்மை நிலவரம்தான் கொடுத்தது. இப்படித் தொழில் தெரிந்தவர்கள், நர்ஸ், வக்கீல் குமாஸ்தா, விவசாயி, யாராக இருந்தாலும் குழுவில் இருப்பது பெரிய வரம்.

திட்டம் எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. சிலருக்கு முப்பது காட்சிகளையும் அட்டையில் எழுதி, தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தால்தான் எழுத வரும். ஓர் அட்டைக்கு மூன்று வரி போதும்: யார் என்ன வேண்டி அங்கே வருகிறார், எது தடுக்கிறது, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. மூன்றாவது வரி எழுத முடியவில்லையென்றால் அந்தக் காட்சி நாவலுக்கு வேண்டாமோ என்று யோசிக்கலாம். வேறு சிலருக்கு முடிவு முன்னாலேயே தெரிந்துவிட்டால் எழுதும் ஆசையே போய்விடும். அவர்கள் ஐந்தே ஐந்து காட்சிகளைத் தெரிந்துவைத்துக்கொண்டு கிளம்பலாம். இரண்டு வகையினரும் ஒரே குழுவில் இருக்கலாம், ஒருவர் மற்றவரை மாற்ற முயலாமல் இருந்தால் சரி.

இங்கே ஒரு முக்கியமான ஏற்பாடு. குழுவில் இரண்டு பேரை உங்கள் கதைத் திட்டம் தெரியாதவர்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் பேசும் கூட்டத்துக்கு அவர்கள் வர வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், ஆனால் இப்போதே செய்யாவிட்டால் அப்போது செய்ய முடியாது.

எழுதும் கட்டம்: எண்ணிக்கை மட்டும்

1999 ஜூலையில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதிப் பார்ப்பதென்று இறங்கினார்கள். அடுத்த வருடம் அதை நவம்பருக்கு மாற்றினார்கள், பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 30 நாளில் 50,000 வார்த்தை, ஒரு நாளைக்கு 1,667. நடத்திய அமைப்பு 2025-ல் மூடப்பட்டது, பழக்கம் மட்டும் பல நாடுகளில் தொடர்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம், அந்த மாதத்தில் யாரும் யாருடைய எழுத்தையும் திருத்துவதில்லை, எத்தனை வார்த்தை ஆயிற்று என்பதை மட்டும் பகிர்ந்துகொள்வார்கள் என்பது.

அந்த 1,667-ஐ அப்படியே தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே வார்த்தை. இவ்வளவையும் ஒன்றில் அடக்கும் மொழியில் 1,667 என்பது அங்கே எழுதுவதைவிட நிறையவே அதிகம். வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு எழுதுகிறவருக்கு நாளைக்கு 500 வார்த்தை, வாரத்தில் ஐந்து நாள் என்பது நியாயமான இலக்கு. வாரத்துக்கு 2,500 ஆகிறது, 20 வாரத்தில் 50,000. டெம்மி அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்குச் சுமார் 200 வார்த்தை என்று வைத்தால் 250 பக்க நாவல். ஐந்தே மாதம்.

குழுவின் வாட்ஸப்பில் தினமும் இரவு ஆளுக்கு ஒரு எண் போடுங்கள். '430'. '610'. எழுதாத நாளில் '0' போடுங்கள், காரணம் எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். மற்றவர்களும் "என்னாச்சு?" என்று கேட்காமல் விட்டுவிட வேண்டும். 0 போடக்கூட வெட்கமில்லாத இடமாகக் குழு இருந்தால்தான் நான்கு நாள் 0 போட்டவர் ஐந்தாம் நாள் 200 போடுவார். வெட்கம் வந்துவிட்டால் மனுஷர் குழுவையே மியூட்டில் போட்டுவிடுவார், அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது. அப்படி ஒதுங்கிப்போனவரை யாராவது ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, நாவலைப் பற்றிப் பேச்செடுக்காமல், "ஞாயித்துக்கிழமை டீ குடிக்க வர்றீங்களா?" என்று கேட்டால் போதும்.

சேர்ந்து எழுதும் நேரம் ஒன்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. காலை ஐந்தரைக்கு வீடியோ காலில் எல்லோரும் வருவது, இன்று எந்தக் காட்சி என்று ஆளுக்கு ஒரு வரி சொல்வது, மைக்கை அணைத்துவிட்டு 25 நிமிடம் எழுதுவது, ஐந்து நிமிடம் இடைவெளி, மறுபடியும் 25 நிமிடம், எண்ணைச் சொல்லிவிட்டுக் கிளம்புவது. யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் நாலு பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே கையை நகர்த்தும்.

இந்தக் கட்டத்தில் படித்துக் காட்டவே கூடாதா என்றால், காட்டலாம், கேட்கிறவர் "சரி, அப்புறம்?" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டார் என்றால். லூயிஸ் எப்போதும் பாராட்டிக்கொண்டே இருந்தவர் இல்லை, ஆனால் டோல்கீன் நன்றி சொன்னது முக்கியமாக அந்த ஆர்வத்துக்குத்தான். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் மட்டும் படியுங்கள்.

எழுதும்போது எதற்காகவும் நிற்காதீர்கள். நாமக்கல்லிலிருந்து ஹூப்ளி போக எவ்வளவு டீசல் ஆகும் என்று தெரியவில்லையா, அந்த இடத்தில் @@ என்று போட்டுவிட்டு நகருங்கள். கூகுளில் தேடப் போனால் ஒரு மணி நேரம் போய்விடும், @@-ஐப் பிறகு ஒரே தேடலில் எல்லா இடத்திலும் கண்டுபிடித்துவிடலாம். ஒன்பதாம் அத்தியாயத்தில் திடீரென்று சரஸ்வதிக்குத் தம்பி வேண்டாம், அக்காதான் வேண்டும் என்று தோன்றினால், திரும்பிப் போய் முதல் எட்டு அத்தியாயத்தை மாற்றாதீர்கள். நோட்டில் 'தம்பியை அக்காவாக மாற்ற வேண்டும்' என்று குறித்துக்கொண்டு, முதலிலிருந்தே அக்கா இருந்ததுபோல் மேலே எழுதுங்கள். ஒற்று மிகுமா மிகாதா என்ற கவலை இப்போது வேண்டவே வேண்டாம். நல்ல இலக்கணம் தெரிந்த ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவருடைய உதவி கட்டாயம் தேவைப்படும், ஆனால் அவருடைய நேரம் இன்னும் வரவில்லை. வட்டார வழக்கும் அப்படித்தான். மதுரைக்காரர் நாமக்கல் கதை எழுதினால் டிரைவர் வாயில் 'அங்கிட்டு' என்று வந்துவிடும், கொங்குக்காரர் 'அக்கட்டால' என்பார். வரட்டும், இருக்கட்டும்.

கைப்பேசியில் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாக்கிவிடும் வசதி இருக்கிறது. உரையாடல் காட்சிகளுக்கு அதைப் பயன்படுத்திப் பாருங்கள், பேச்சின் ஓட்டம் தட்டச்சில் வருவதைவிட இயல்பாக விழும். எதில் எழுதினாலும் யூனிகோடில் எழுதுங்கள், வாரம் ஒருமுறை கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள்.

பாதியில் நின்றால்

பல நாவல்கள் 15,000, 20,000 வார்த்தையில் நிற்கும். ஆரம்பத்தில் இருந்த வேகம் தீர்ந்துபோயிருக்கும், முடிவு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்காது. இப்போது, திட்டம் தெரியாத அந்த இருவரைத் தவிர்த்து, குழுவைக் கூட்டுங்கள், ஆனால் எழுதினதைக் கொண்டுபோகாதீர்கள். வாயாலேயே கதையைச் சொல்லுங்கள், முதலிலிருந்து, ஒரு குறிப்பும் பார்க்காமல், அரை மணி நேரத்தில். கேட்கிறவர்கள் குறுக்கே பேசாமல் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்த இடத்தில் உங்கள் குரல் உயர்ந்து நீங்களே ரசித்துச் சொன்னீர்கள், எந்த இடத்தை 'அப்புறம் என்னென்னமோ நடக்குது' என்று வேகமாகத் தாண்டினீர்கள்.

நீங்கள் தாண்டின இடம் பெரும்பாலும் உங்களுக்கே எழுதப் பிடிக்காத இடம். சரஸ்வதி வங்கிக்குப் போய் மேனேஜரைப் பார்க்கும் மூன்று காட்சிகளை ஒரே மூச்சில் தாண்டிவிட்டு, பழைய டிரைவர் கந்தசாமி இரவில் வீட்டு வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை ஐந்து நிமிடம் விவரித்தீர்கள் என்றால், நாவல் கந்தசாமி பக்கம் போக ஆசைப்படுகிறது. வங்கிக் காட்சிகளை ஒரு வரியாக்கிவிட்டு, அவர் எதைச் சொல்ல வந்து சொல்லாமல் போனார் என்பதை எழுதுங்கள். இந்த ஒரு கூட்டத்துக்காகவே ஒரு குழு வைத்துக்கொள்ளலாம் என்பேன், தனியாக உட்கார்ந்து யோசிப்பவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

வரைவு முடிந்த பிறகு

முடித்தவரை எல்லோருமாகச் சாப்பிட அழைத்துப் போங்கள். இது முக்கியம். ஒரு முழு நாவலின் முதல் வரைவை முடிப்பது பெரிய காரியம், அது எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும். அப்புறம் ஒரு மாதம் அதைத் திறக்கக் கூடாது.

மாதம் கழிந்ததும், திட்டம் தெரியாமல் வைத்திருந்த அந்த இருவரிடம் முழு நாவலையும் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுப்பது நல்லது, ஓரத்தில் எழுத இடம் வேண்டும். இவர்கள்தான் ஏன் என்றால், கதை பேசும்போது கூட இருந்தவர்களுக்கு எழுத்தில் இல்லாததெல்லாம் நினைவிலிருந்து வந்து நிரம்பிவிடும். கணவர் வாங்கின கடன் யாருக்காக என்பதை நீங்கள் எழுதவே மறந்திருந்தாலும் அவர்களுக்குப் புரியும். புதிதாகப் படிக்கிறவர்தான் 'இது எனக்கு விளங்கவில்லை' என்று நிற்பார். அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுக்காமல் மொத்தமாகக் கொடுப்பதும் இதற்குத்தான்: நாவலின் வேகம் குறையும் இடம் தொடர்ந்து படித்தால்தான் தெரியும்.

படிக்கிறவர்கள் ஓரத்தில் நான்கு விஷயங்களைக் குறித்தால் போதும். எங்கே அலுப்புத் தட்டியது, எங்கே குழம்பியது, எங்கே நம்ப முடியவில்லை, எங்கே கீழே வைக்க மனம் வரவில்லை. கடைசியைக் கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கள், எது நன்றாக வந்திருக்கிறது என்று தெரியாதவர் திருத்தும்போது அதையும் சேர்த்து வெட்டிவிடுவார்.

அவர்கள் முடித்ததும் மற்றவர்களும் படித்துவிட்டு, எல்லோரும் உட்காருங்கள். பேசும் முறைக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1956-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மில்ஃபோர்டு என்ற ஊரில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தொடங்கிய பட்டறையிலிருந்து பரவிய முறை அது: ஒவ்வொருவரும் வரிசையாகச் சில நிமிடம் பேசுவார்கள், குறுக்கே யாரும் பேசக் கூடாது, எழுதினவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் முடித்த பிறகு அவர் பேசலாம். வாய் திறக்கக் கூடாது என்பது கடுமையாகத் தோன்றும், ஆனால் எழுதினவர் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் மற்றவர்கள் நாவலை விட்டுவிட்டு விளக்கத்தை விமர்சிக்கத் தொடங்கிவிடுவார்கள். புத்தகம் வாங்கிப் படிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் விளக்கப் போவதில்லையே.

சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், குறிப்பாகச் சொல்லுங்கள். "சரஸ்வதி கேரக்டர் வீக்கா இருக்கு" என்றால் எழுதினவரால் ஒன்றும் செய்ய முடியாது. "கடன்காரர் வீட்டுக்கு வரும்போது சரஸ்வதி உடைஞ்சு அழறது எனக்கு நம்பும்படி இல்லீங்க, முந்தின காட்சியிலதான் ஒரே பார்வையில அந்த புக்கிங் ஏஜென்ட்டை அடக்கினாங்க" என்றால் இன்று ராத்திரியே போய் வேலை பார்க்கலாம். "நல்லா இருக்கு" என்பதும் அப்படித்தான், எந்த இடம் நன்றாக இருந்தது என்று சொன்னால்தான் அது பாராட்டாகவும் ஆகும், பயனும் தரும்.

கேட்டுக்கொண்டவர் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் சொன்னதை உங்களுக்கே சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால், ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தாலும்கூட, அங்கே ஏதோ சரியில்லை. அவர்கள் சொன்ன தீர்வை நம்பாதீர்கள், இடத்தை நம்புங்கள். குறை பல நேரம் அந்தப் பக்கத்தில் இருக்காது, இருபது பக்கத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றாக இருக்கும்.

அப்புறம் இரண்டாம் வரைவு. @@ போட்ட இடங்களை நிரப்புவது, தம்பியை அக்காவாக்குவது, வங்கிக் காட்சிகளை வெட்டுவது எல்லாம் இப்போது. நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துக்காரர் ஒருவரிடம் உரையாடல்களை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தாத்தாவை அப்பாரு என்பார்களா அப்புச்சி என்பார்களா என்பது அம்மா வழியா அப்பா வழியா என்பதைப் பொறுத்தது, வந்திருக்கும் உறவினரை ஒறம்பரை என்பார்கள், இதையெல்லாம் அவர்தான் பிடிப்பார். ஆனால் ஒவ்வொரு வரியிலும் வழக்குச் சொல்லைத் திணிக்க வேண்டாம் என்று அவரே சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இலக்கணம் தெரிந்தவரின் நேரம். மெய்ப்புப் பார்ப்பதை ஒருவர் தனியாகச் செய்வதைவிட இருவர் சேர்ந்து செய்வது நல்லது: ஒருவர் அச்செடுத்த தாளை வைத்துக்கொண்டு, புள்ளி, கேள்விக்குறி உட்படச் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் இன்னொரு பிரதியில் கண் வைத்துத் திருத்த வேண்டும். ஒரு நாளைக்கு 30 பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், களைத்த கண்ணுக்கு ஒற்றுப்பிழை தெரியாது. எழுதினவர் படிக்கிறவராக இருக்கட்டும், திருத்துகிற வேலையை இன்னொருவரிடம் விட்டுவிடுங்கள். 250 பக்கத்துக்கு ஒன்பது நாள் ஆகும், அந்த ஒன்பது நாளையும் பதிப்பகத்துக்குக் கொடுத்த தேதிக்கு முன்னாலேயே ஒதுக்கி வையுங்கள்.